கலேவிபோயெக் கதைகளைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

எஸ்தோனியாவின் தார்த்து நகரத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணா, சாக்லேட் டப்பாவுல கலேவ், விளையாட்டுக் கிளப்புல கலேவ்... யாரு இந்தக் கலேவ்?" கலேவ் ஒரு மன்னன். கதைகளின் நாயகன் அவனுடைய கடைசி மகன். கலேவிபோயெக் என்றால் கலேவின் மகன். மரத்தை வேரோடு பிடுங்குவான், ஏரியை நடந்தே கடப்பான், பாறையைக் கூழாங்கல் போல வீசுவான். ஆனால் சூதுவாது தெரியாதவன், முன்கோபி. தன் வாயாலேயே தன் சாவைத் தேடிக்கொண்டவன்.

எஸ்தோனியர், ஃபின்லாந்துக்காரர், ஹங்கேரியர், ரஷ்யாவுக்குள் வாழும் கோமி, மாரி, மோர்ட்வின் மக்கள் எல்லாரும் ஃபின்னோ-உக்ரிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் குடும்பத்தின் வீரர்களில் நான் அதிகம் பழகியவன் இவன்தான். கேட்கிறவர்களிடம் எல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இவன் பெயரிலேயே இருக்கும் எஸ்தோனியக் காவியத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். 20 காண்டம், ஏறக்குறைய 19,000 அடி. கடவுள் வாழ்த்து மாதிரி நீளமான முன்பாட்டைத் தாண்டுவதற்குள்ளேயே பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். இந்தக் கதைகள் பிறந்தது புத்தகத்தில் இல்லை. கல்லிலும் மேட்டிலும் ஏரிக்கரையிலும் பிறந்தவை. அங்கே தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதலில் கல்

எஸ்தோனியா பெரும்பாலும் தட்டையான நாடு. வயல், காடு, சதுப்பு நிலம். அந்தத் தட்டையில் திடீரென்று ஒரு வீடு உயரத்துக்கு ஒற்றைப் பாறை நிற்கும். சுற்றிலும் வேறு பாறையே இருக்காது. உழுதுகொண்டிருந்த குடியானவன் அதைப் பார்த்து என்ன நினைப்பான்? யாரோ எறிந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். அப்படிப் பிறந்தவன் கலேவிபோயெக். ஓநாயைப் பார்த்து எறிந்த கல், கோயில் கோபுரத்தைக் குறிவைத்துத் தவறிய கல், சகோதரர்களோடு பந்தயம் கட்டி வீசிய கல் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கதை. பாறையில் பள்ளம் இருந்தால் அது அவன் விரல் பதிந்த தடம்.

இந்தப் பாறைகளைக் கொண்டுவந்தது பனியுகத்துப் பனிப்பாளம். வடக்கே ஃபின்லாந்துப் பக்கத்துப் பாறையைப் பெயர்த்து, கடல் இருக்கும் பள்ளத்தைத் தாண்டி இழுத்து வந்து போட்டது. சில கதைகளில் கலேவிபோயெக் கல்லை எறிவதும் ஃபின்லாந்துக் கரையில் நின்றுதான். நிலவியலும் பாட்டி கதையும் ஒரே திசையைக் காட்டுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

தார்த்துவுக்கு வடக்கே வோரெமா என்று ஒரு பகுதி இருக்கிறது. நீள நீளமான மண்மேடுகள், எல்லாம் ஒரே திசையில், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக. மேட்டுக்கும் மேட்டுக்கும் இடையே நீளமான ஏரிகள். பனிப்பாளத்தின் அடியில் உருவான மேடுகள் என்பது பள்ளிக்கூடப் பாடம். கலேவிபோயெக் ஏர் பூட்டி உழுத சால்கள் என்பது ஊர்க்காரர் பேச்சு. மேட்டின் முதுகில் நின்று இரண்டு பக்கமும் ஒரு தடவை பாருங்கள். கீழே பள்ளத்தில் தண்ணீர், எதிரே அடுத்த மேடு, அதற்கப்பால் இன்னொரு ஏரி. ஏர் பிடித்த கை தெரிந்த யாருக்கும் இது உழவுதான்.

உழுது களைத்தவன் படுக்க வேண்டாமா? அதற்குத்தான் கலேவிபோயெக்கின் கட்டில்கள். நடுவில் குழிந்து, தலைமாடும் கால்மாடும் உயர்ந்த மண்மேடுகள். கிழக்கு எஸ்தோனியாவில் இவை பல இடங்களில் உண்டு. அலாத்ஸ்கிவியில் இருப்பது நல்ல உதாரணம். இவற்றில் பலவும் உண்மையில் பழங்காலத்து மண்கோட்டைகள். கோட்டை கட்டியவர்களின் பெயர் மறந்துபோனது, மேடு மட்டும் நின்றது, மேட்டின் மேல் ராட்சதன் வந்து படுத்துக்கொண்டான்.

எப்படித் தேடுவது? எஸ்தோனிய நிலத்துறையின் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் மரபுச் சின்னங்களுக்கென்று தனி அடுக்கு உண்டு. அதைப் போட்டுக்கொண்டு, கலேவிபோயெக் பெயரில் கல், கட்டில், காலடி எது அருகில் இருக்கிறது என்று பாருங்கள். மே மாதமோ செப்டம்பரோ நல்லது. குளிர்காலத்தில் பனி எல்லாவற்றையும் மூடிவிடும். நடுக்கோடையில் புல் இடுப்பளவு வளர்ந்து கல்லை மறைக்கும். கோடையில் காட்டுக்குள் போனால் முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், உண்ணிக் கடி இங்கே விளையாட்டல்ல. வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் காது பின்புறத்தையும் பாருங்கள்.

முதல் நாள் ஒரு கல் போதும். அதன் கதையைத் தெரிந்துகொண்டு போய், கையை அதன் மேல் வைத்து, எந்தத் திசையிலிருந்து வந்திருக்கும் என்று திரும்பிப் பாருங்கள். ஒரே நாளில் பத்து இடம் ஓடினால் பத்தும் வெறும் கல்லாகிவிடும்.

ஊர்க்கதை வேறு, காவியம் வேறு

இது பிடிபடாவிட்டால் கலேவிபோயெக் யாருக்கும் பிடிபடமாட்டான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1551-இல் ஃபின்லாந்தின் பிஷப் மிக்கயெல் அக்ரிகோலா சங்கீதப் புத்தகத்தை ஃபின்னிஷ் மொழியில் அச்சிட்டபோது, முன்னுரையில் மக்கள் கும்பிட்டுவந்த பழைய தெய்வங்களைச் செய்யுளாகப் பட்டியல் போட்டார். கண்டிப்பதற்காகப் போட்ட பட்டியல். அதிலேயே கலேவாவின் மகன்கள் வருகிறார்கள், புல்வெளி அறுப்பவர்களாக. ஆக, ஃபின்லாந்து வளைகுடாவின் இரண்டு கரையிலும் இந்த ராட்சதக் கூட்டம் பழையது. எஸ்தோனியக் கிராமத்தில் இவன் ராஜா இல்லை, தேசத் தலைவன் இல்லை. பெரிய உடம்பு, கல் எறிவான், உழுவான், தூங்குவான், அவ்வளவுதான். இந்தக் கதைகளில் பெரும்பாலானவை உரைநடையாக வாயால் சொல்லப்பட்டவை, பாட்டாகப் பாடப்பட்டவை அல்ல.

காவியம் 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. அப்போது இந்த நாடு ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது, நிலம் ஜெர்மன் பிரபுக்கள் கையில் இருந்தது, எஸ்தோனியக் குடியானவன் பண்ணையடிமையாக இருந்து அப்போதுதான் விடுபட்டிருந்தான். 1835-இல் ஃபின்லாந்தில் எலியாஸ் லோன்ரோத் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து கலேவலாவை வெளியிட்டார். 1838-இல் தார்த்துவில் எஸ்தோனிய அறிஞர் கழகம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் கூட்டத்தில் ஃபிரிட்ரிக் ராபர்ட் ஃபெல்மான் என்ற மருத்துவர் கலேவிபோயெக் கதைகளைப் பற்றிப் பேசினார். எழுத வேண்டும் என்ற ஆசை அவருடையது, ஆனால் 1850-இல் இறந்துவிட்டார். வேலை அவருடைய நண்பர் ஃபிரிட்ரிக் ரெயின்ஹோல்ட் கிராய்ட்ஸ்வால்டிடம் வந்தது. அவரும் மருத்துவர், பண்ணையடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர், தெற்கே வோரு என்ற சிற்றூரில் பல ஆண்டு வைத்தியம் பார்த்தவர்.

1853-இல் ஒரு வடிவம் தயாரானது. தணிக்கையைத் தாண்டவில்லை. திருத்தி விரித்து, 1857 முதல் 1861 வரை பகுதி பகுதியாக, பக்கத்தில் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு, ஆய்விதழில் வருகிற ஆராய்ச்சி நூல் என்ற பெயரில் வெளியிட்டார்கள். சாதாரண வாசகர் கையில் சேர்வதற்கான பதிப்பு 1862-இல் ஃபின்லாந்தின் குவோப்பியோவில் அச்சாகி வந்தது. சொந்த நாட்டின் காவியத்தை அடுத்த நாட்டில் அச்சடிக்க வேண்டியிருந்தது.

லோன்ரோத்துக்குக் கையில் பாட்டுகள் இருந்தன. கிராய்ட்ஸ்வால்டுக்கு இருந்தவை பெரும்பாலும் உரைநடைக் கதைகள். அவற்றைப் பழைய நாட்டுப்பாடல் மெட்டில் அவரே கட்டினார். அந்த மெட்டுக்கு எட்டு அசை, அடிக்குள் மோனை, சொன்னதையே அடுத்த அடியில் வேறு சொல்லால் திரும்பச் சொல்வது என்ற இலக்கணம் உண்டு. அடிகளில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் மக்கள் வாயிலிருந்து அப்படியே வந்தது என்பது ஆய்வாளர் கணக்கு. இதைக் கேட்டுச் சிலர் "அப்போ இது போலியா?" என்று முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. கதை மக்களுடையது, கட்டுமானம் கிராய்ட்ஸ்வால்டுடையது. இரண்டையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டு படித்தால் இரண்டின் மேலும் மதிப்பு கூடும்.

ஊர்க்கதைகளை மட்டும் படிக்க விரும்பினால் தார்த்துவில் எஸ்தோனிய இலக்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குள்ளே 1927-இல் தொடங்கிய நாட்டார் வழக்காற்று ஆவணகம். யாகோப் ஹூர்த் என்ற பாதிரியார் 1888-இல் நாடு முழுக்க வேண்டுகோள் விடுத்து, பள்ளி ஆசிரியர்களும் குடியானவர்களும் எழுதியனுப்பியது மட்டும் ஒரு லட்சம் பக்கத்துக்கு மேல் அங்கே இருக்கிறது. கலேவிபோயெக் கதைகள் 1959-இல் தனித் தொகுதியாகவே வந்தன. எஸ்தோனிய மொழி கொஞ்சம் தெரிந்தாலும் போதும், ஒவ்வொரு கதையும் நாலு வரி, ஐந்து வரிதான்.

எந்தக் காண்டம் முதலில்

கல்லைப் பார்த்தாயிற்று, பின்னணியும் தெரியும். இப்போது புத்தகத்தை எடுங்கள். ஆங்கிலத்தில் 1895-இலேயே வில்லியம் கிர்பி உரைநடையாகச் சொன்ன சுருக்கம் இருக்கிறது, காப்புரிமை முடிந்ததால் இணையத்தில் இலவசம். முழுச் செய்யுள் மொழிபெயர்ப்புகளும் பின்னால் வந்திருக்கின்றன. தொடக்கத்துக்கு கிர்பி போதும்.

நான் சொல்லும் வரிசை இது: 12-ஆம் காண்டம், 8, அப்புறம் 6-உம் 11-உம் சேர்த்து, அதன்பிறகு 1 முதல் 5 வரை, கடைசியாக 19-உம் 20-உம். நடுவில் இருக்கும் பாதாளப் பயணங்களைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

12 ஏன் முதலில்? அங்கேதான் முள்ளெலி வருகிறது. எஸ்தோனியக் குழந்தை எதையும்விட முதலில் தெரிந்துகொள்வது இந்தக் கதையைத்தான். கலேவிபோயெக் பெய்ப்சி ஏரியில் இறங்கி நடந்தே அக்கரைக்குப் போய், புஸ்கோவிலிருந்து பலகைக் கட்டைத் தோளில் சுமந்து வருகிறான். பெய்ப்சி 3,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள ஏரி, கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. திரும்பும் வழியில் மந்திரவாதியின் மூன்று மகன்கள் அவன் மேல் பாய்கிறார்கள். வாள் கையில் இல்லை. பலகையை எடுத்து அடிக்கிறான். தட்டையான பக்கத்தால் அடிப்பதால் ஒவ்வொரு பலகையாக உடைந்து சிதறுகிறது. கட்டு தீர்ந்துகொண்டே வருகிறது. அப்போது புதருக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல்: "விளிம்பால அடி! விளிம்பால அடி!"

பலகையைத் திருப்பிப் பிடித்து விளிம்பால் அடிக்கிறான். எதிரிகள் ஓட்டம். குரல் கொடுத்தது யார், வெளியே வா, நன்றி சொல்ல வேண்டும் என்கிறான். வர மாட்டேன், உடம்பில் துணியில்லை, வெட்கமாக இருக்கிறது, குளிருகிறது என்கிறது முள்ளெலி. அதுவரை அதற்கு முள்ளே கிடையாது. கலேவிபோயெக் தன் கோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கொடுக்கிறான். துண்டு சின்னது. முதுகை மூடியது, வயிற்றுக்குப் போதவில்லை.

என் மகள் பாலர் பள்ளியிலிருந்து இந்தக் கதையோடு வந்தபோது கேட்டாள்: "அப்பா, அவன் பெரிய ஆள்தானே, முழுக் கோட்டையும் குடுத்திருக்கலாம்ல?" காவியத்தில் இதற்குப் பதில் கிடையாது. ஆனால் கலேவிபோயெக் யார் என்பது இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மனசு பெரியது, யோசனை பாதிதான். அவன் செய்யும் ஒவ்வொரு நல்லதிலும் ஒரு பக்கம் மூடாமல் விட்டுப்போகும்.

8-ஆம் காண்டத்தில் மூன்று சகோதரர்கள் ஏரிக்கு மேலாகக் கல்லெறிந்து யார் அரசன் என்று முடிவு செய்கிறார்கள். மூத்தவன் கல் தண்ணீரில் விழுகிறது, அடுத்தவன் கல் கரையோரம், இளையவன் கலேவிபோயெக்கின் கல் அக்கரையில். தார்த்துவிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் சாத்யார்வ் ஏரியைத்தான் அந்த ஏரி என்று காட்டுவார்கள். கரையில் எக்ஸி ஊரில் பனியுக அருங்காட்சியகம் இருக்கிறது. காலையில் அதற்குள் போய்ப் பனிப்பாளம் எப்படி நகர்ந்தது என்று பார்த்துவிட்டு, மதியம் ஏரிக்கரையில் உட்கார்ந்து இந்தக் காண்டத்தைப் படியுங்கள்.

வாளின் கதையைச் சேர்த்துப் படிக்க வேண்டும்

காவியத்தின் முதுகெலும்பு 6, 11, 20 என்ற மூன்று காண்டங்கள். தனித்தனியாகப் படித்தால் நழுவிவிடும்.

6-இல் கலேவிபோயெக் ஃபின்லாந்தில் ஒரு கொல்லனிடம் வாள் வாங்கப் போகிறான். கொல்லன் காட்டும் வாள்களை ஒவ்வொன்றாகப் பாறையில் அடித்துச் சோதிக்கிறான், எல்லாம் நொறுங்குகின்றன. கடைசியில் கொல்லன் உள்ளறையிலிருந்து ஒரு வாளைக் கொண்டுவருகிறான். அது இவனுடைய அப்பா கலேவ் சொல்லிவைத்துச் செய்த வாள், ஏழு ஆண்டு அடித்தது. பட்டறைக் கல்லையே பிளக்கிறது. குதிரை, கறவை மாடு, தானியம் என்று பெரிய விலை பேசி முடிக்கிறார்கள். பிறகு விருந்து. குடி தலைக்கேறுகிறது. கலேவிபோயெக் தான் ஒரு பெண்ணோடு பழகியதைப் பெருமையடிக்கிறான். கொல்லனின் மூத்த மகன் கண்டிக்கிறான். வாய்ச்சண்டை முற்றி, புது வாள் அந்தப் பையனின் தலையை எடுக்கிறது. அப்பா செய்த வாளால் அப்பாவின் கண்முன்னேயே. கொல்லன் சபிக்கிறான்: இந்த வாளே ஒருநாள் உன்னையும் கொல்லட்டும்.

11-இல் கலேவிபோயெக் களைத்துத் தூங்கும்போது பெய்ப்சி மந்திரவாதி அந்த வாளைத் திருடுகிறான். தூக்கிக்கொண்டு போகையில் கேப்பா ஆற்றில் நழுவி விழுந்துவிடுகிறது. தேடிக் கண்டுபிடித்த கலேவிபோயெக் வாளிடம் பேசுகிறான். வாளும் பதில் பேசுகிறது. குற்றமில்லாத ரத்தத்தைக் குடிக்க வைத்தாயே என்ற வருத்தம் அதற்கு. வரவில்லை என்கிறது. அவன் வற்புறுத்தவில்லை. சரி, இங்கேயே இரு, உன்னை முன்பு சுமந்தவன் இந்தத் தண்ணீரில் கால் வைத்தால் அவன் கால்களை வெட்டிவிடு என்று கட்டளையிட்டுப் போகிறான்.

அவன் மனதில் இருந்தது திருடன். ஆனால் வாளை முன்பு சுமந்தவன் அவனும்தான்.

20-இல் எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. இரும்பு உடுத்திய மனிதர்கள், அதாவது சிலுவைப்போர் வீரர்கள், வந்துவிட்டார்கள். நண்பன் அலெவிபோயெக் தண்ணீரில் மூழ்கி இறக்கிறான். மனம் உடைந்த கலேவிபோயெக் ஆட்சியை இன்னொரு நண்பன் ஓலெவிபோயெக்கிடம் கொடுத்துவிட்டுக் காட்டில் தனியே வாழ்கிறான். அங்கும் அவனை நிம்மதியாக விடவில்லை. அலைந்து திரிந்து கேப்பா ஆற்றுக்கு வருகிறான். தான் சொன்னது நினைவில் இல்லை. தண்ணீரில் கால் வைக்கிறான். வாளுக்கு நினைவிருக்கிறது.

கடைசியில் 20-க்கு வரும்போது 6-ஐயும் 11-ஐயும் மறுபடி எடுத்து, இந்த மூன்றையும் ஒரே மாலையில், வரிசையாக, இடையில் எதையும் எடுக்காமல் படியுங்கள். பிள்ளையின் ரத்தத்துக்காக ஒரு கொல்லன் கொடுத்த சாபமும், யோசிக்காமல் உதிர்த்த ஒரு வாக்கியமும் எப்படி ஒன்றாக வந்து சேர்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். இப்படி ஒரு கட்டுமானம் செய்ததற்காகவே கிராய்ட்ஸ்வால்டை நான் பெரிய கவிஞர் என்பேன்.

கேப்பாவில் ஆறும் இருக்கிறது, கலேவிபோயெக்குக்கென்று ஓர் அருங்காட்சியகமும் விளையாட்டிடமும் இருக்கின்றன. ஆறு சின்னது. ராட்சதன் செத்த இடம் என்று நினைத்துப் போகிறவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். கரையில் நாணல், தண்ணீர் கரும்பழுப்பு, அடி தெரியாது. கீழே ஒரு வாள் கிடக்கலாம் என்று தோன்ற அது போதும்.

பெண்களின் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்

1 முதல் 5 வரையுள்ள காண்டங்களைப் பலர் முன்கதை என்று வேகமாகப் புரட்டுவார்கள். என் கணக்கில் காவியத்தின் உயிர் அங்கே பாதி இருக்கிறது.

ஒரு விதவை வழியில் ஒரு கோழியையும், காட்டுக்கோழி முட்டை ஒன்றையும் கண்டெடுத்து வளர்க்கிறாள். கோழி சால்மேவாகிறது, முட்டை லிண்டாவாகிறது. சால்மே நட்சத்திரத்தை மணக்கிறாள், லிண்டா கலேவை. கலேவ் இறக்கும்போது லிண்டாவின் வயிற்றில் கடைசிப் பிள்ளை. அவள் புருஷனின் சமாதிக்குக் கல் சுமக்கிறாள். அந்தக் குவியல்தான் இன்றைய தாலினின் தோம்பெயா குன்று, நாடாளுமன்றம் இருக்கும் இடம். மடியிலிருந்து ஒரு கல் நழுவி விழ, அதன்மேல் உட்கார்ந்து அழுகிறாள். கண்ணீர் தேங்கி உலெமிஸ்தே ஏரியாகிறது. தாலின் நகரத்தின் பெரும்பகுதி இன்றும் அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறது. விமானநிலையம் அதன் கரையிலேயே இருப்பதால், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தால் இறங்கும்போதே பார்க்கலாம்.

பிறகு ஃபின்லாந்து மந்திரவாதி லிண்டாவைத் தூக்கிப்போக, வழியில் இடி விழுந்து அவள் கல்லாகிறாள். தோம்பெயா சரிவில் அவளுடைய வெண்கலச் சிலை இருக்கிறது, ஆகுஸ்த் வைசன்பெர்க் வடித்தது, 1920-இல் வைத்தது. குனிந்த தலையோடு உட்கார்ந்திருக்கும் பெண். சோவியத் காலத்தில் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்குச் சமாதி கிடையாது, வெளிப்படையாக அழவும் முடியாது. குடும்பத்தார் லிண்டாவின் காலடியில் பூ வைத்தார்கள், அதுவும் தடை செய்யப்பட்டிருந்தது. இப்போது அங்கே நினைவுப் பலகை இருக்கிறது. கதையை மட்டும் தெரிந்துகொண்டு அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

4-ஆம் காண்டம் கடினமானது. அம்மாவைத் தேடி ஃபின்லாந்துக்கு நீந்திப்போகும் கலேவிபோயெக் வழியில் ஒரு தீவில் இளைப்பாறுகிறான். அங்கே ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். அவளுக்குக் கேடு நேர்கிறது. அவன் யார் மகன் என்று தெரிந்ததும் அவள் வெளிறிப்போய்க் கடலில் விழுந்து இறக்கிறாள். இருவரும் அண்ணன் தங்கையாக இருக்கலாம் என்று காவியம் குறிப்பாக மட்டும் உணர்த்துகிறது. கலேவலாவில் குல்லெர்வோவுக்கும் அவன் தங்கைக்கும் நடப்பது இதேதான். இந்த இடத்தில் வீரனுக்காக வக்காலத்து வாங்காதீர்கள், காவியமே வாங்கவில்லை. விருந்தில் அவன் பெருமையடித்ததும், கொல்லன் மகன் கண்டித்ததும் இந்தப் பெண்ணைப் பற்றித்தான். சாபத்தின் வேர் இங்கே இருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது

முள்ளெலியில் தொடங்குங்கள். அடுத்தது 10-ஆம் காண்டத்துத் தொப்பிக் கதை: அலெவிபோயெக் நீர்ப்பேயிடம் ஒரு தொப்பி நிறையப் பணம் கேட்கிறான், தொப்பியில் ஓட்டை, அடியில் குழி. பேய் கொட்டக் கொட்ட நிறையவே மாட்டேன் என்கிறது. இதைச் சொல்லும்போது பழைய தொப்பியும் சில்லறையும் கையில் இருக்கட்டும், பேயாகப் பிள்ளையையே நடிக்க வையுங்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் கல்லெறிப் போட்டி, லிண்டாவின் கல். வாளின் கதை பத்து வயதுக்குப் பிறகு. தீவுப் பெண்ணின் கதை பெரியவர்களுக்கு.

சொல்லும்போது ஊர்ப்பெயர்களை விடாதீர்கள். "ஒரு ஏரியில்" என்பதைவிட "சாத்யார்வ் ஏரியில்" என்றால் பிள்ளை வரைபடத்தில் தேடும். அடியைத் திருப்பிச் சொல்லும் அந்தப் பாட்டு முறையையும் பயன்படுத்துங்கள்: "பலகையை எடுத்தான், மரத்தைத் தூக்கினான், விளிம்பால் அடித்தான், ஓரத்தால் சாத்தினான்." இரண்டாம் பாதியைப் பிள்ளைகளே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இங்கே இந்தப் பாட்டு அப்படித்தான் பாடப்படுகிறது, ஒருவர் முன்னே பாட, கூட்டம் பின்னே வாங்கிப் பாடும்.

இவனோடு நிறுத்த வேண்டாம்

கலேவிபோயெக் மனதில் நின்ற பிறகு சாரெமா தீவுக்குப் போங்கள். அங்கே ராட்சதன் பெரிய தொல், அவன் மனைவி பிரெத். பிரெத் அடுப்பில் உலை வைத்ததும் தொல் கடலில் இறங்கி ருஹ்னு தீவுத் தோட்டத்துக்கு நடந்துபோய் முட்டைக்கோஸ் பறித்துவருவான், அதற்குள் தண்ணீர் கொதித்திருக்கும். அடுத்த தீவு ஹீயுமாவில் இருப்பது அவன் தம்பி லெய்கெர். தீவுகளுக்குப் போகும் கப்பல்களுக்கே தொல், பிரெத், லெய்கெர் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தொல்லின் முடிவையும் கலேவிபோயெக்கின் முடிவையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். போரில் தலை வெட்டுப்பட்ட தொல், தலையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்து சாகிறான். போர் வந்தால் கூப்பிடுங்கள், எழுந்து வருவேன் என்று வாக்குக் கொடுக்கிறான். பிள்ளைகள் விளையாட்டாகக் கூப்பிட, எழுந்து பார்த்து ஏமாந்து, இனி வரவே மாட்டேன் என்று மண்ணுக்குள் போய்விடுகிறான். வோல்கா ஆற்றங்கரை மாரி மக்களிடம் சோத்கார் என்ற வீரனுக்கும் இதே கதை உண்டு, பொய்யாகக் கூப்பிட்டு இழந்த வீரன்.

கலேவிபோயெக் மண்ணுக்குள் போகவில்லை. கால் இழந்து செத்தவனை, சும்மா இருக்க விடக்கூடாது என்று, பாதாள வாசலுக்குக் காவலாக வெள்ளைக் குதிரையில் உட்கார வைக்கிறார்கள் தெய்வங்கள். வாசலில் பாறையைக் கையால் குத்துகிறான், கை பாறைக்குள் மாட்டிக்கொள்கிறது. ஒருநாள் நெருப்பு இரு பக்கமும் பற்றி எரிந்து பாறையிலிருந்து கையை விடுவிக்கும், அப்போது கலேவ் (இங்கே கலேவ் என்பது கலேவிபோயெக்தான்) தன் பிள்ளைகளுக்கு நல்வாழ்வு கொண்டுவர வீடு திரும்புவான் என்று காவியம் முடிகிறது. பண்ணையடிமையின் மகன் எழுதிய வரிகள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தார்த்துவில் ஆற்றோரம் வாளோடு நிற்கும் கலேவிபோயெக் சிலை, விடுதலைப் போரில் இறந்தவர்களுக்காக 1933-இல் வைத்தது. 1950-இல் சோவியத் ஆட்சி அதை அகற்றிவிட்டு, அங்கே கிராய்ட்ஸ்வால்டுக்குச் சிலை வைத்தது. 2003-இல் கலேவிபோயெக் திரும்ப வந்தான். கிராய்ட்ஸ்வால்ட் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வேண்டுமானால் வோருவுக்கு பஸ் ஏறுங்கள். 1941 முதல் அது அருங்காட்சியகம். கிளம்புமுன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், வாரத் தொடக்கத்தில் இங்கே பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்.